யூதாஸின் இரண்டு மரணங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறுப் பள்ளி நடத்துகிறேன். யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 1. எது உண்மை என்று வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதன்பின் தேடிப் படிக்கப் படிக்க முரண்கள் பெருகுகின்றன. ஆனாலும் ஜெபிக்காமல் என்னால் உறங்க முடிவதில்லை. வேதத்தைச் சந்தேகிக்கிறவன் விசுவாசியா? வகுப்பை விட்டுவிடவா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பை விடாதீர்கள். அந்தக் கயிறு விளக்கத்தை விட்டுவிடுங்கள். கயிறு அறுந்ததாக இரண்டு நூல்களிலும் ஒரு சொல் இல்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த பணத்தில் ஒரு நிலம் வாங்கப்பட்டது. அதை வாங்கியவர்கள் பிரதான ஆசாரியர்கள் என்கிறார் மத்தேயு; அப்போஸ்தலர் நடபடிகளில் வாங்கியவன் யூதாஸ். கயிறு அறுந்தது என்று வைத்துக்கொண்டாலும் இது தீர்வதில்லை.

நீங்கள் கண்ட முரண்களை ஆதிச் சபையும் கண்டிருந்தது. 2ஆம் நூற்றாண்டில் தாத்தியான் என்ற சிரியக் கிறிஸ்தவர் நான்கு சுவிசேஷங்களையும் இணைத்து ஒரே தொடர்கதையாக எழுதினார். சிரியச் சபைகள் பல தலைமுறைகள் அதையே வாசித்தன. 5ஆம் நூற்றாண்டில் கீருஸ் நகரத்து ஆயர் தியோடோரெத், தம் எல்லைக்குள் இருந்த 200க்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களை வைத்தார். தாத்தியான் இயேசுவின் வம்ச வரலாறுகளை விட்டுவிட்டார் என்பது தியோடோரெத் சொன்ன குறைகளில் ஒன்று. மத்தேயுவும் லூக்காவும் தரும் அந்த வம்ச வரலாறுகளோ ஒன்றோடொன்று பொருந்துவதில்லை! சீராக்கிய நூல் கையில் இருந்தும் சபை அதை வேண்டாம் என்றது. இதை அறிந்தபோது எனக்கு உண்டான ஆறுதல் பெரியது.

இந்து சமஸ்கிருத அறிஞராக இருந்து கிறிஸ்தவரான பண்டித ரமாபாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஃபுல்ஹாமில், சமூகம் ஒதுக்கிய பெண்களைக் கன்னியர்கள் பராமரித்த இல்லத்தை அவர் பார்த்தார். இந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய பகுதியை வாசித்துக் காட்டினார்கள். 1883இல் ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகும் திரித்துவம் பற்றியும் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றியும் இங்கிலாந்தில் தம்மை வழிநடத்திய அருட்சகோதரி ஜெரால்டினோடு கடிதங்களில் விடாமல் வாதாடினார். கேள்விகள் எல்லாம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1889இல் பம்பாயில் விதவைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தவரும் அவரே.

இதனால் எல்லாவற்றையும் உருவகம் என்று ஒதுக்கிவிடலாம் என நான் சொல்லவில்லை. யூதாஸ் எப்படிச் செத்தான் என்பது என் விசுவாசத்தைத் தொடுவதில்லை. இயேசு உயிர்த்தெழுந்தாரா என்ற கேள்வி அதன் அடிவேரைத் தொடுகிறது. அவர் எழுந்திருக்கவில்லையென்றால் விசுவாசம் விருதா என்று பவுலே எழுதியிருக்கிறார். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதில்கூட நான்கு சுவிசேஷங்களும் ஒத்துப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் கைவிட்டு ஓடியவர்கள், அவர் கொல்லப்பட்ட அதே எருசலேமில் நின்று அவர் உயிரோடிருக்கிறார் என்று சொன்னார்களே, அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைத் தவிர வேறொன்றை என் மனம் ஏற்கவில்லை. நிரூபிக்க என்னால் முடியாது. நம்புகிறேன். இரவில் நீங்கள் ஜெபிப்பது அவரிடம்தான் என்றால், நீங்கள் விசுவாசியா என்ற கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். அவள் கண்டது சரி என்று சொல்லுங்கள். போதகர் கேட்டால் அவரிடமும் அதையே சொல்லுங்கள். பிறகு லூக்கா சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களுக்கு வாருங்கள். தமக்கு முன் பலர் எழுதியிருப்பதையும், தாம் ஆதிமுதல் விசாரித்து அறிந்து எழுதுவதையும் லூக்கா அங்கே சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளை எழுதியவரும் அவர்தான். அடுத்த ஞாயிறு பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.