எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகவும் நுரையீரல் கறுப்பாகவும் தெரிவது ஏன்? உடலில் உள்ள எறிகணைத் துண்டின் ஆழத்தை ஒரே படத்தில் அறிய முடியுமா?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றிலேயே அடங்கியுள்ளது. எக்ஸ்ரே படத்தில் நாம் காண்பது, உடலினூடாகச் சென்ற கதிர்கள் மறுபக்கத்துத் தகட்டில் விழுத்திய நிழல். வன்னியில் ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவில் பணிபுரிவதால், இவற்றில் இரண்டாவது கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

கதிர் பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெற்றிடக் குழாய் ஒன்றினுள் சூடாக்கப்பட்ட இழையிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள், பொதுவாக 50 முதல் 120 கிலோவோல்ற்று வரையான அழுத்தத்தால் முடுக்கப்பட்டு, தங்ஸ்தன் உலோகத்தில் மோதி நிறுத்தப்படுகின்றன. அவற்றின் சக்தியில் ஏறத்தாழ 99 வீதம் வெப்பமாகவே போய்விடுகிறது. எஞ்சிய ஒரு வீதமளவுதான் எக்ஸ்ரே. உருகுநிலை 3,400 பாகை செல்சியசைத் தாண்டிய தங்ஸ்தனைத் தேர்ந்ததும், மோதும் தட்டை வேகமாகச் சுழலவிடுவதும் இந்த வெப்பத்தைச் சமாளிப்பதற்காகவே.

படம் உருவாவது இதற்குப் பின்னர்தான். உடலுக்குள் நுழையும் கதிர்களுள் சில முழுமையாக உறிஞ்சப்படுகின்றன, சில திசைமாறிச் சிதறுகின்றன, சில தடையின்றி வெளியேறுகின்றன. உறிஞ்சப்படுவது பொருளின் அணுவெண்ணில், அதாவது அணுவின் கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையில், பெரிதும் தங்கியுள்ளது. ஒரே திணிவை எடுத்துக்கொண்டால், அது அணுவெண்ணின் மூன்றாம் அடுக்குக்கு ஏறத்தாழ விகிதசமமாகக் கூடுகிறது. தசையில் மிகுதியாக உள்ள ஒட்சிசனின் அணுவெண் 8, எலும்பில் உள்ள கல்சியத்தின் அணுவெண் 20. வேறுபாடு இரண்டரை மடங்குதான் என்றாலும், மூன்றாம் அடுக்கில் அது 15 மடங்கைத் தாண்டிவிடுகிறது. படத்தில் கதிர் கூடுதலாக விழுந்த இடமே கறுக்கும். எலும்பு அடர்த்தியிலும் கூடியதாகையால் அதன் பின்னால் தகட்டை அடையும் கதிர் குறைந்து, அவ்விடம் வெள்ளையாகத் தெரிகிறது. நுரையீரலிலோ பெரும்பகுதி காற்று. கதிர் தாராளமாகக் கடப்பதால் அது கறுக்கிறது. நெஞ்சுப் படத்துக்கு மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொல்வதும், அந்தக் காற்று முழுமையாக நிரம்பி நுரையீரல் விரிய வேண்டும் என்பதற்காகவே.

கதிரின் சக்தி கூடக்கூட இந்த உறிஞ்சல் விரைவாகக் குறைகிறது. ஆகவே கைக்கு 50 கிலோவோல்ற்றளவில் எடுத்தால் எலும்பின் நுண்ணிய கோடுகள் தெளிவாக விழும். நெஞ்சுக்கு 120 அளவுக்கு உயர்த்தினால் விலா எலும்புகளின் நிழல் மங்கி, அவற்றின் பின்னாலுள்ள நுரையீரலைப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தும் வேலைதானே என்று எண்ணுவோர் அறியாத தெரிவு இது. சிதறிய கதிர்களோ எந்த உறுப்பைப் பற்றியும் சரியான தகவலைத் தராமல் படம் முழுவதும் மங்கலைப் பரப்புகின்றன. மெல்லிய ஈயப் பட்டிகளாலான கிரிட் ஒன்றைத் தகட்டின் முன் வைத்து அவற்றைத் தடுக்கிறோம்.

உலோகம் கதிரை இன்னும் அதிகமாகத் தடுக்கும். 1895 டிசெம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன் தமது மனைவியின் கையைப் படமெடுத்தபோதும், விரல் எலும்புகளைவிட அழுத்தமாகப் பதிந்தது அவர் அணிந்திருந்த மோதிரமே. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும், வேறு ஏதோ காரணத்துக்காக எடுக்கும் படத்தில் எறிகணைத் துண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது இங்கே புதுமை அன்று. கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் தெரியும். ஆனால் காலில் முறிந்த விடத்தல் முள் பொதுவாகத் தெரியாது. அதன் காபனும் ஒட்சிசனும் சுற்றியுள்ள சதையிலிருந்து அதிகம் வேறுபடாதவை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் முள்ளும் இல்லை என்று கொள்ளக்கூடாது.

“தம்பி, உள்ளுக்குக் கிடக்கிற பீஸ் எவ்வளவு ஆழத்திலை?” என்று கேட்கும் ஐயாமாருக்கு, ஒரு படத்தை வைத்து என்னால் விடை சொல்ல முடிவதில்லை. விளக்குக்கும் சுவருக்கும் இடையில் நிற்பவரின் நிழலைப் போலவே, இங்கும் முன்னும் பின்னும் உள்ளவை ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. தோலுக்கு அடியிலுள்ள துண்டும் முள்ளந்தண்டை ஒட்டியுள்ள துண்டும் நேர்ப்படத்தில் ஒரே இடத்தில் தெரியலாம். ஆகையால் நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக, செங்கோணத்தில் இரண்டு படங்கள் எடுக்கிறோம். தேவைப்பட்டால் வைத்தியர் சீற்றி ஸ்கானுக்கு அனுப்புவார்.

இரண்டு படங்களா என்று அஞ்சவேண்டியதில்லை. குழாய்க்கு மின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடலில் எதுவும் தங்காது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட்டோ அதற்கும் குறைவோ; இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவேட். கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே இருப்பது இரும்பா செம்பா என்பதையும் இந்த நிழல் காட்டாது. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும் என்பதால், துண்டு உள்ளவர்கள் அந்தப் பரிசோதனைக்கு எழுதப்படும்போதே வைத்தியரிடம் தெரிவித்து, பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டுசெல்ல வேண்டும்.