பினோலாவில் சீட் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், காமர்ஸ் பிரிவு. குருகிராமில் மத்திய அரசின் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே சேர்ந்தால் நேராக ராணுவ அதிகாரி ஆகலாம் என்று சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகர், ஆர்.கே.புரம், புதுடெல்லி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது இந்திய தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தை. கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த பாதுகாப்பு அறிஞர் கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு அதற்குப் பரிந்துரை செய்தது. 2010-ல் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2013 மே மாதம் குருகிராம் அருகே உள்ள பினோலாவில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். நிலம் 200 ஏக்கருக்கு மேல். ஆனால் அதை அமைக்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். 2016-ல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியான வரைவு மசோதா இன்னும் சட்டமாகவில்லை. பிறகு சீட் எங்கிருந்து வரும்? தவிர, அது பெரும்பாலும் பணியில் உள்ள அதிகாரிகளின் உயர்கல்விக்கென்றே திட்டமிடப்பட்டது.

காந்திநகர் அருகே உள்ள ராஷ்ட்ரிய ரக்‌ஷா பல்கலைக்கழகம் வேறு. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. பட்டம் செல்லும், ஆனால் பட்டத்தோடு அதிகாரிப் பதவி வராது.

பிளஸ் டூ முடித்து அதிகாரியாக, யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரு முறை நடத்தும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்டிஏ) தேர்வு எழுதவேண்டும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்கவேண்டும். காமர்ஸ் மாணவர் தரைப்படைப் பிரிவுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். கடற்படை, விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை. கணிதத் தாள் 300 மதிப்பெண், 120 கேள்விகள். பொதுத்திறன் தாள் 600. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெறவேண்டும் என்பதால், பொதுத்திறனில் குவித்தாலும் கணிதம் கைவிட்டால் அவ்வளவுதான். கணிதப் பாடம் எடுக்காத காமர்ஸ் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். திரிகோணமிதி, நுண்கணிதம், வெக்டர் எல்லாம் வரும். இன்றே பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

தேறினால் அதிகாரிகளைத் தேர்வுசெய்யும் வாரியத்தின் நேர்முகத் தேர்வு (எஸ்எஸ்பி): ஐந்து நாள், 900 மதிப்பெண். முதல் நாள் வடிகட்டலில் நிற்காதவர்கள் அன்றே ஊர் திரும்பவேண்டியதுதான். அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை. எந்தக் கட்டத்திலும் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை.

சீருடை வேண்டாம், படிப்புதான் விருப்பம் என்றால், இளநிலைப் பட்டத்துக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை இருக்கிறது. நீலகிரி வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கென உள்ள ஸ்டாஃப் கல்லூரியை முடிக்கும் அதிகாரிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான் பெறுகிறார்கள்.