நகத்தால் கீறிப் பாருங்கள்

கேள்வி: 20 அடி ஃபைபர் படகுக்கு மோல்டு எடுப்பதற்காக பிளைவுட்டில் பிளக் (படகின் மாதிரி வடிவம்) செய்து, மேலே பாலியஸ்டர் ரெசின் பூசினேன். மூன்று நாளாகியும் கையில் ஒட்டுகிறது. சித்திரையில் இப்படி ஆகவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ? மேலாக இன்னும் கொஞ்சம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) தடவினால் இறுகுமா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தடவாதீர்கள். கேட்டலிஸ்ட் ரெசினோடு கலந்தால்தான் வேலை செய்யும். மேலே தடவினால் உங்கள் கைதான் வெந்துபோகும்.

முதலில் பிளக்கின் ஓரமாக ஓரிடத்தில் நகத்தை அழுத்தி இழுங்கள். மேலே பிசுபிசுத்தாலும் அடியில் கெட்டியாக இருந்து நகம் வழுக்கினால், ரெசின் மேல் குற்றமில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல்பரப்பை இறுகவிடாது. அடுத்த அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) நன்றாகப் பிடிக்கட்டும் என்றுதான் இந்த ரக ரெசினை மெழுகு சேர்க்காமல் விற்கிறார்கள். பிளக்கின் கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். அது மேலே மிதந்து காற்றை மறைத்துவிடும். அசிட்டோன் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு கலந்த ரெசினை ஒரு கை பூசுங்கள். இறுகியபின் நீர்த்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள்.

நகம் உள்ளே இறங்கினால் கதை வேறு. ஒரு நாள் நல்ல வெயிலிலோ ஹாலஜன் விளக்கின் சூட்டிலோ வைத்துப் பாருங்கள். கேட்டலிஸ்ட் குறைந்துபோயிருந்தால் அந்தச் சூட்டில் தேறக்கூடும். அப்படியும் மெத்தென்றே இருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பட்டைத் தகட்டால் சுரண்டி எடுங்கள். சுரண்ட மனம் வராமல் மேலேயே பூசி மூடுகிறவர்களுக்கு, மோல்டு எடுக்கிற நாளில் பிளக்கும் மோல்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இரண்டையும் உடைக்க வேண்டியதுதான்.

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மழையைப் பாருங்கள். ஐப்பசி ஈரத்தை பிளைவுட் குடித்திருந்தால் எந்த ரெசினும் முரண்டு பிடிக்கும். சந்தேகம் தீர, காகிதக் கோப்பையில் 100 கிராம் ரெசின் எடுத்து, ஒன்றரை மில்லி கேட்டலிஸ்ட் விட்டுக் கலக்கி வையுங்கள். சூடேறிக் கட்டியானால் சரக்கு நல்லது; பிளக்கில்தான் ஈரம், அல்லது உங்கள் அளவில் பிழை. பாட்டில் மூடியால் அளக்கும் பழக்கம் நம் பட்டறைகளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிதான் கணக்கு. ஊசி போடும் சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். வாளியின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்குங்கள். திட்டுத் திட்டாக இறுகாமல் நிற்பது பெரும்பாலும் இப்படிக் கலக்காததால்தான்.

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைத் தனியாக வாங்கிச் சேர்ப்பவராக இருந்தால், அதை முதலில் ரெசினில் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அலமாரியில்கூட அவற்றை வைக்காதீர்கள்.