ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு தேவைகள், ஒன்றில்லாமல் மற்றதும் இல்லை. எதற்கு முதலிடம் கொடுப்பது?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அவருடைய நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு வேகம் கேட்கிறது, தரம் பார்க்கும் பிரிவு நிதானம் கேட்கிறது, இரண்டு பேரும் சொல்வது சரியாகவே இருக்கிறது, யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. நான் மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக முகாமையாளர். ஆகவே எனக்குத் தெரிந்த பாலையும் வயலையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

"எதற்கு முதலிடம்" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. எந்த மாதத்தில் எதற்கு முதலிடம், அந்த மாதத்திலும் மற்றதில் எந்த இடத்துக்குக் கீழே கை வைக்கக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு 640 லீற்றர் பால் செலவானது.

எங்கள் சங்கத்தில் எப்போதும் ஒரே இழுபறி. உறுப்பினர்களுக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பால் தயிர் போடுகிறவர்களிடம் போய்விடும், இங்கே தயிருக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. குளிரூட்டும் தாங்கிக்கும் ஜெனரேட்டருக்கும் காசு ஒதுக்கவும் வேண்டும், பாலை 4 பாகை வரைக்கும் குளிராக்கி வைக்காவிட்டால் வாங்குகிற கம்பனி பவுசரில் ஏற்றாது. விலை இல்லையென்றால் பால் வராது, பால் வராவிட்டால் தாங்கி எதற்கு, தாங்கி நின்றுவிட்டால் விலை எங்கிருந்து வரும்? ஒரு வருஷம் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் விலையைக் கூட்டு என்று நின்றார்கள், தீவனம் விற்ற விலைக்கு அது நியாயமான கோரிக்கை, நானும் ஜெனரேட்டர் திருத்த வைத்திருந்த காசை அதற்குள் போட்டுவிட்டேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு வைகாசி இரவு கரண்ட் போனது, ஜெனரேட்டர் நாலு தரம் இழுத்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. விடியப் போய்த் தாங்கியின் மூடியைத் தூக்கினேன். பெரிய நாற்றம் ஒன்றும் இல்லை, லேசான ஒரு புளிப்பு, சந்தேகம் போலத்தான். சோதனைக் குழாயில் பாலும் மதுசாரமும் சம அளவு விட்டு ஆட்டினேன், கண்ணாடிச் சுவரில் ரவை போலத் திரள் திரளாக ஒட்டிக்கொண்டு இறங்கியது, பால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நம்பாமல் குழாயைக் கழுவிவிட்டு இன்னொரு தரம் செய்தேன். அதேதான். 640 லீற்றரையும் வாய்க்காலில் திறந்து விட்டுக்கொண்டு நிற்கும்போது, மூன்று மாடு மட்டும் வைத்திருக்கிற ஒரு அக்கா கேனோடு வந்தார். கேனைச் சைக்கிளில் இருந்து இறக்காமலே, "மறுகா என்ன செய்யிற தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

என் அப்பா வட்டவிதானையாக இருந்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு வட்டைக்கு, அதாவது வயல் பரப்புக்கு, வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டு விடுகிறவர். அவருக்குக் கூலி நெல்லாக வரும், தலைமடைக்காரரும் கொடுப்பார், கடைமடைக்காரரும் கொடுப்பார். எங்கள் பகுதியில் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் உட்கார்ந்து விதைப்புத் தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி, கடைசித் தண்ணீர் எப்போது, எத்தனை ஏக்கர் என்றெல்லாம் முடிவெடுப்பார்கள். அதோடு மாடுகளை வயல் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தும் திகதியும் உண்டு. இதை நன்றாகக் கவனியுங்கள். பயிர் நிற்கும்போது மாடு வயலுக்கு எதிரி, அறுவடை முடிந்தால் தாளடியும் வைக்கோலும் மாட்டுக்கு, எரு வயலுக்கு, பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆளுடையது. அந்தக் கூட்டத்தில் நெல் பெரிதா மாடு பெரிதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. திகதி போடுவார்கள். எல்லையும் வைப்பார்கள்: உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வயலுக்கும் போகிறது, சுத்திகரித்து மட்டக்களப்பில் குடிக்கவும் போகிறது, அதனால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பேசும்போது குடிநீரைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் திகதி மட்டும் போதாது, இதை எனக்கு மனது பொறுக்காமல்தான் எழுதுகிறேன். மாட்டை எடு என்று சொன்னால் மாடு போக ஓர் இடம் வேண்டும். மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வரும்போது, ஒதுங்கச் சொன்ன பண்ணையாளர் எங்கே ஒதுங்குவார்? நிறுவனத்திலும் இதேதான். இந்த மாதம் வேகம்தான் முக்கியம் என்று தரப் பிரிவிடம் சொல்லலாம், தவறில்லை. அவர்கள் தள்ளிவைக்கிற சோதனைகளை எந்த வாரத்தில் செய்வது, அதற்கு ஆளும் காசும் எங்கே என்று அதே கூட்டத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால் நீங்கள் அவர்களைத் துரத்துகிறீர்கள்.

ஹார்வர்டில் போல் லோரன்ஸ், ஜே லோர்ஷ் என்ற இருவர் 1967-இல் கம்பனிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நன்றாக நடந்தவற்றில் விற்பனைக்காரரும் ஆராய்ச்சிக்காரரும் ஒரே மாதிரி யோசிக்கப் பழகவில்லை, அவரவர் குணத்தோடுதான் இருந்தார்கள். பிணக்கை மூடி மறைக்காமல் வெளியே வைத்துப் பேசினார்கள், இரண்டு பக்கமும் மதிக்கிற ஆட்கள் நடுவில் நின்றார்கள். படிக்கும்போது எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார், இரண்டு பக்கமும் நெல் வாங்கியவர். இதே மாதிரி, அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981-இல், ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களைச் சிறு குழுக்களாக அமைத்தார்கள். அந்தச் சிறுபோகத்தில், அதற்குத் தண்ணீர் தரும் சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தில் தண்ணீர் மிகவும் குறைவு. அப்படியிருந்தும் தலைமடைக்காரர்கள் முறைவைத்துக் கீழே விட்டார்கள். கடைமடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியதால்தான் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, சங்கத்தில் என்ன செய்தோம்? எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புல் காய்ந்து பால் குறைந்துவிடும். தாங்கியை நிறுத்திக் கழற்றித் திருத்த அதுதான் தோதான காலம், ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுவே. அதனால் பால் பெருகும் மாதங்களில் லீற்றருக்கு 3 ரூபா பிடித்து வைக்கிறோம், அதில் ஒரு பங்கு திருத்த வேலைக்கு, மற்றப் பங்கு பால் குறையும் மாதங்களில் விலையோடு சேர்த்து உறுப்பினர்களுக்கே திரும்புகிறது. விலைக்கு முதலிடம் உள்ள மாதத்திலும் ஜெனரேட்டரின் ஒயில், பட்டரிக் காசைத் தொடக் கூடாது. திருத்த மாதத்திலும் 10ஆம், 25ஆம் திகதிக் கொடுப்பனவு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. முதல் வருஷம் அந்தப் பிடித்தத்தை விரும்பாமல் ஆறு பேர் விலகினார்கள், இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை, அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது, முன்கூட்டியே உட்கார்த்திப் பேசாதது என் பிழை.

உங்களுக்கு நான் சொல்வது, இரண்டு பிரிவுத் தலைவர்களையும் அடுத்த மூன்று மாதக் கலண்டரோடு ஒரே மேசையில் இருத்துங்கள், நடுவில் நிற்க இரண்டு பக்கத்து வேலையும் செய்து பார்த்த ஒருவரைப் போடுங்கள். நாங்கள் போட்டது அந்த மூன்று மாட்டு அக்காவை. திருத்தக் காசின் கொப்பி இப்போது அவரிடம்தான். சனிக்கிழமை பால் ஊற்றிவிட்டுப் போகும்போது ஜெனரேட்டரை ஒரு தரம் ஓடவிட்டுப் பார்த்து, கொப்பியில் திகதி போட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.