மரண வீட்டுக்குப் போகலாமா, டீச்சரம்மா?

கேள்வி: டீச்சரம்மாவுக்கு ஸ்தோத்திரம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. மாமியார் மட்டும் அன்றிலிருந்து என் கையால் சாயத்தண்ணி, வெறும் பிளேன்டீகூட வாங்குவதில்லை. திருவிழாச் சந்தா தரமாட்டேன் என்று சொன்னதிலிருந்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நான் குடத்தை வைத்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. புதன்கிழமைகளில் எங்கள் காம்பராவில் ஜெபக்கூட்டம். சின்ன ஸ்பீக்கர் பெட்டி வைத்து இரவு ஒன்பதரை வரை பாடுவோம். போன மாதம் இரண்டு தடவை கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. "இது சிலுவை, சந்தோஷப்படுங்கள், அவர்களோடு கலக்காதீர்கள், சாவு வீட்டுக்கும் போகவேண்டாம்" என்கிறார் பாஸ்டர். பக்கத்துக் காம்பராத் தாத்தா படுத்த படுக்கை. இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். எனக்கு மனசு தளர்ந்து போகிறது. எப்படித் திடப்படுவது?
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: முதலில் கல்லைப் பேசிவிடுவோம், மகள். கல் எறிவது குற்றம். அதைச் சகித்துக்கொண்டு சந்தோஷப்படச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் மறுநாளே வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதுங்கள்; முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் உரிமை நம் அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரையில் இருக்கிறது. பவுலே பிலிப்பியில் அடி வாங்கிய பிறகு, "நாங்கள் ரோமர்" என்று சட்டம் பேசியவர்தான். பொலிஸில் எழுதமாட்டோம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது.

அடுத்தது அந்த ஸ்பீக்கர் பெட்டி.

கோபப்படாமல் கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நானும் பிறந்து வளர்ந்தவள். அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே முழிப்பு வரும். அந்தப் பக்கம் ஒரு கிழவர் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார். மற்றவர்கள் விடிந்தால் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓடவேண்டியவர்கள். ஒன்பதரை மணிக்கு ஸ்பீக்கரில் வருவது ஆண்டவரின் நாமமே ஆனாலும் காதுக்கு அது சத்தம்தான். கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படவேண்டாம் என்று பேதுரு எழுதுகிறார். அதற்கு முந்திய வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். திருடன், கொலைபாதகன் என்று அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்" என்று ஒருவனைச் சேர்க்கிறார். அவனாக இருந்து படுகிற பாடு கிறிஸ்துவின் கணக்கில் ஏறாது. கல்லுக்கு ஸ்பீக்கர் நியாயம் ஆகாது. ஆனாலும் பெட்டியை எடுத்துவிடுங்கள். வாயால் பாடினாலும் ஆண்டவருக்குக் கேட்கும்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1979இல் நான் ஞானஸ்நானம் எடுத்தபோது வயது இருபத்தொன்று. அந்த வருடத் திருவிழாவில் பாட்டி என் நெற்றியில் திருநீறு வைத்தார். நான் அவர் கண்ணெதிரே, ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, முந்தானையால் துடைத்தேன். அதைச் சாட்சி என்று பல வருடம் கூட்டங்களில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "வேண்டாம் பாட்டி" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். துடைத்ததில் விசுவாசம் கொஞ்சம், திமிர் நிறைய. அன்று இரவே அப்பா என் தகரப்பெட்டியைத் தூக்கி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டார்.

லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவில் ஒரு பெரியம்மா. சொந்தம் ஒன்றுமில்லை, மாரியம்மனுக்குத் தவறாமல் விளக்கேற்றுகிறவர். பெட்டியை அவர்தான் உள்ளே எடுத்து வைத்தார். மூன்று மாதம் அங்கேதான் இருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்ததும் என் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொட்டுவார். அதை நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிப்பேன். ஒரு நாள் என் சாமியைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். "உன் சாமியை நீ கும்பிடு, தேத்தண்ணி ஆறுது" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த மத விவாதம்.

நான்கு வருடம் கழித்து அவர் இறந்தார். சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அப்போதிருந்த ஊழியக்காரர், சடங்கு நடக்கிற இடத்துக்குப் போகக்கூடாது என்றார். நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடை எங்கள் வாசலைத் தாண்டும்போது தப்பு ஒரு நிமிஷம் நின்றது. எனக்காக நிறுத்தினார்களா, தோள் மாற்றினார்களா, இன்றைக்கும் தெரியாது.

அதனால், தாத்தா கண்ணை மூடினால் போங்கள். முதல் ஆளாகப் போங்கள். தண்ணீர் தூக்குங்கள், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுங்கள். சடங்கு செய்யும் நேரத்தில் ஓரமாக நின்றால் யாரும் உங்களைத் தலைகீழாகத் தொங்கவிடப் போவதில்லை. மரண சகாய நிதிக்குக் காசு கட்டுவதையும் நிறுத்திவிடாதீர்கள். அழுகிறவர்களுடனே அழச் சொன்ன பவுல், எந்தச் சபைக்காரர்கள் அழும்போது என்று கேட்கவில்லை. பாஸ்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே போங்கள்.

சந்தா விஷயத்தில் உங்கள் மனசாட்சியோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். ஆனால் தலைவரை நேரில் பார்த்து, "பூசைக்கென்று தர மனம் ஒப்பவில்லை அண்ணே, அதே காசை பீலிக் குழாய் திருத்த வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் காசுக்குப் பின்வாங்கவில்லை என்பது பீலியடிக்குத் தெரியட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் உங்களோடு பேசமாட்டார்கள். அது மட்டும்தான் இயேசுவுக்காக நீங்கள் படுகிற மிச்சப் பாடு, அது வலிக்கும். அந்த மூன்று மாதமும் எனக்குத் துணையிருந்தது பேதுருவின் முதலாம் நிருபம். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லி, அங்கே சிதறிக் கிடக்கிற "பரதேசிகளுக்கு" எழுதுகிறார். அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சித்தப்பா குடும்பத்தை, அழுகையோடு போகும் ஒப்பாரிக் கோச்சி ரயிலில் தலைமன்னாருக்கு ஏற்றிவிட்டு வந்த வீடு எங்களுடையது. இந்த நாட்டுக்காரருமில்லை, அந்த நாட்டுக்காரருமில்லை என்று வாழ்ந்த சனத்துக்கு அந்தக் கடிதத்தின் மேல்விலாசமே ஆறுதல். நம்மைப் போன்றவர்களைத் தேடி எழுதப்பட்டது.

ஜெபிக்க வாய் வராத நாளில் 121ஆம் சங்கீதத்தைத்தான் எல்லோரும் கொடுப்பார்கள். நான் 13ஐக் கொடுக்கிறேன். முதல் இரண்டு வசனத்தில் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். அதுவே ஜெபம்தான்.

மாமியாருக்கு நாளைக்கும் சாயத்தண்ணி ஊற்றி வையுங்கள். ஒன்றும் பேசவேண்டாம், வசனமும் வேண்டாம். ஆறும்வரை அவர் தொடாவிட்டால் நீங்களே குடித்துவிடுங்கள். சீனி விற்கிற விலையில் வீணாக்க முடியாது.