வீட்டுக் கணினிக்கு எந்த உலாவி, எந்த ஆன்டிவைரஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினிப் பாதுகாப்பு குறித்து வந்த கேள்விகளில், விண்டோஸ் கணினி வைத்திருக்கும் வீடுகளுக்குப் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், ஓபரா என்று பல உலாவிகள் இருக்கின்றனவே, இவற்றில் எது மிகவும் பாதுகாப்பானது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: பெயர்கள் பல என்றாலும், விண்டோஸ் கணினியில் நீங்கள் பார்க்கும் உலாவிகளின் உள்ளே இருந்து பக்கங்களைத் திரையில் காட்டும் எஞ்சின்கள் ஏறக்குறைய இரண்டுதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகிய ஐந்தும், கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியம் என்ற திறந்த மூலத் திட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. மைக்ரோசாஃப்ட்கூடத் தனது சொந்த எஞ்சினைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் எட்ஜை இதற்கு மாற்றிக்கொண்டது. தனி எஞ்சினோடு நிற்கும் பெரிய உலாவி ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே. ஆகவே குரோமியத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அது பெரும்பாலும் அந்த ஐந்துக்கும் பொருந்தும். அதை அடைக்கும் அப்டேட்டை எந்த நிறுவனம் எவ்வளவு விரைவாகத் தருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்குப் பாதுகாப்பு அப்டேட் வாரந்தோறும் வருகிறது. ஆனால் அது தானாகத் தரவிறங்கினாலும், உலாவியை மூடித் திறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மடிக்கணினியை மூடி வைப்பதும் திறப்பதுமாகவே இருந்து, நாற்பது டேபுகளோடு அதே குரோமை வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். வலப்பக்க மேல் மூலையில் அப்டேட் செய்யச் சொல்லும் குறி தெரிந்தால் அன்றைக்கே மூடித் திறந்துவிடுங்கள். உலாவியின் பெயரைவிட இந்தப் பழக்கமே உங்களை அதிகம் காக்கும்.

என் பரிந்துரை: அன்றாட வேலைக்குக் குரோம் அல்லது எட்ஜ், இரண்டாவதாக ஃபயர்ஃபாக்ஸ். இந்த இரண்டில் ஒன்றில் எந்த எக்ஸ்டென்ஷனும் (உலாவியோடு கூடுதலாக இணைக்கும் சிறு மென்பொருள்) சேர்க்காமல், வங்கி, வருமான வரி, பி.எஃப். போன்றவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கணினியோடு வந்த ஓராண்டு ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது. விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் போதாது, பணம் கட்டிப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (மதுரை)

பதில்: பெரும்பாலான வீடுகளுக்கு உண்மையில்லை. மைக்ரோசாஃப்ட் 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் இலவச ஆன்டிவைரஸ் கொடுத்தது. சோதனைகளில் அது பின்தங்கியிருந்த காலத்து அபிப்பிராயமே இன்னும் கடைகளில் உலவுகிறது. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளைப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் அது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு ஒரே வரிசையில் நிற்பது தெரியும்.

அப்படியானால் பணம் எதற்குப் போகிறது என்றால், விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் சேவை), பாஸ்வேர்டு மேனேஜர், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடுகள், தொலைபேசி உதவி ஆகியவற்றுக்குத்தான். கடைசியாகச் சொன்னதற்கு மதிப்பு இல்லாமல் இல்லை. கணினி தெரிந்தவர் யாரும் இல்லாத வீட்டில், கூப்பிட்டுக் கேட்க ஓர் எண் இருப்பது ஆறுதல்தான். அதற்காக வாங்குவதென்றால் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல், அல்லது பிட்டிஃபெண்டர், ஈசெட் போன்ற நன்கறியப்பட்ட ஒன்றை வாங்குங்கள். ஆனால் ஒன்றே ஒன்று. இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் கணினி மந்தமாவதைத் தவிர வேறு பயன் இல்லை.

காலாவதியான ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. வேறொரு ஆன்டிவைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே பழையதை முழுமையாக அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டி என்ற ஆப்பைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் பச்சைக் குறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே, ஆன்டிவைரஸை வேறு மென்பொருள் அணைத்துவிடாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனும், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

புதுப்பிக்காமல் மிச்சமாகும் பணத்தை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஆவணங்களையும் புகைப்படங்களையும் மாதம் ஒருமுறை அதில் காப்பி செய்துவிட்டு, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கழற்றாமல் வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் இலவச ஆன்டிவைரஸ்களில் எது நல்லது? (பெயரில்லை)

பதில்: டிஃபெண்டரே இலவசம் என்பதால் இன்னொன்றுக்குத் தேவை எழவில்லை. மற்ற இலவசங்களில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணையப் பயன்பாட்டு விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றது வெளியே தெரிந்து, 2020 ஜனவரியில் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் செய்தது.

கேள்வி: திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிறது. மூன்று முறை ஃபுல் ஸ்கேன் செய்தும் எதுவும் அகப்படவில்லை. (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: அகப்படாது, ஏனென்றால் அநேகமாக அங்கே வைரஸே இல்லை. இந்த முறை மிக அதிகமாக வந்த கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்த முறை அந்தப் பெட்டி தோன்றும்போது உடனே மூடாமல், அதில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பெரிய சிவப்புக் குறிக்கும் பிரபலமான ஆன்டிவைரஸ் லோகோவுக்கும் பக்கத்தில், "கூகுள் குரோம்" அல்லது "மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்ற பெயரும், அதையொட்டி நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு இணையதள முகவரியும் இருக்கும். இது உங்கள் கணினி அனுப்பும் எச்சரிக்கை அல்ல; அந்த இணையதளம் உலாவியின் வழியாக அனுப்பும் விளம்பரம். ஏதோ ஒரு நாள் சினிமாவோ தொடரோ இலவசமாகப் பார்க்க ஒரு தளத்துக்குப் போயிருப்பீர்கள் அல்லது வீட்டில் வேறு யாராவது போயிருப்பார்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பட்டனை அழுத்துங்கள்" என்று அங்கே கேட்டிருக்கும். அந்த அலவ், நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்கு நீங்கள் கொடுத்த அனுமதி. அனுமதி பெற்று வருவதால்தான் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை.

நீக்குவது எளிது. குரோமில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற வரிசையில் போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத முகவரி ஒவ்வொன்றின் அருகிலும் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி பிளாக் அல்லது ரிமூவ் கொடுங்கள். எந்தத் தளமும் இனி இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று அதே பக்கத்தில் அமைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வீட்டுக் கணினியில் அதை அமைத்துவிடுவதே நல்லது. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் மெனுவின் பெயர்கள் சற்று மாறினாலும், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற சொல்லை செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அடித்தால் அந்த இடம் வந்துவிடும்.

அந்தப் பெட்டியை அழுத்தி, அது காட்டிய பக்கத்தில் கார்டு எண் கொடுத்து எதையாவது வாங்கியிருந்தால் மட்டும், வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது விண்டோஸ் 7. நல்ல ஆன்டிவைரஸ் போட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? தம்பியின் கணினி விண்டோஸ் 10, அது விண்டோஸ் 11க்கு மாறாது என்கிறது. (திருநெல்வேலி)

பதில்: உங்களுடையதை இணையத்தில் இணைக்க வேண்டாம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து குரோமையும் அதில் நிறுவ முடியாது. ஆன்டிவைரஸ் இந்தக் குறையை ஈடுகட்டுமா என்று பலர் கேட்கிறார்கள்; இயங்குதளத்தின் ஓட்டையை இயங்குதளத்தின் அப்டேட்தான் அடைக்க முடியும். 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

தம்பியின் கணினிக்கு அவசரம் குறைவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது என்றாலும், வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்புகளில்) ஆஃப் செய்யப்பட்டிருக்கும். புதுக் கணினிக்குச் செலவு செய்யும் முன் அதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கணினிகளுமே பிரௌசிங்குக்கு மட்டும் என்றால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி.

கேள்வி: குரோமில் நான் வைத்திருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் திடீரென்று வேலை செய்யவில்லை. (கோயம்புத்தூர்)

பதில்: எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதன் விளைவு இது. புதிய விதிகளின்படி எழுதப்பட்ட யூபிளாக் ஆரிஜின் லைட் குரோமில் கிடைக்கிறது; ஆற்றல் சற்றுக் குறைவு. பழையதே வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸில் அது இன்னும் முழுமையாக இயங்குகிறது. போலித் தரவிறக்கப் பட்டன்கள் பெரும்பாலும் விளம்பரங்களாகவே வருவதால், விளம்பரத் தடுப்பானை ஒரு பாதுகாப்பு மென்பொருளாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் "விளம்பரத் தடுப்பான்" என்று தேடிக் கண்ணில் பட்டதை எல்லாம் நிறுவ வேண்டாம். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் பல எக்ஸ்டென்ஷன்கள் அனுமதி பெறுகின்றன. நல்ல பெயரெடுத்த ஒன்று கைமாறிய பிறகு கெட்டுப்போவதும் உண்டு. கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் வேறொருவர் கைக்குப் போய், 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று கூகுளால் நீக்கப்பட்டது.

கேள்வி: பாஸ்வேர்டுகளை உலாவியிலேயே சேமித்து வைக்கலாமா? (கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட, தளத்துக்கு ஒன்றாக வைத்து உலாவியில் சேமிப்பது மேலானது. ஆனால் வங்கிக் கணக்கையும் முதன்மை மின்னஞ்சலையும் அதில் சேர்க்காதீர்கள். உலாவியில் இருக்கும் பாஸ்வேர்டுகளையும், தளங்களில் நீங்கள் நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு கோப்புகளையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவே எழுதப்பட்ட திருட்டு மென்பொருள்கள் உண்டு. அவை வீடுகளுக்குள் வரும் முக்கியமான வாசல், கிராக் செய்த ஃபோட்டோஷாப்பும், விலை கொடுக்காமல் விண்டோஸை இயக்க உதவும் ஆக்டிவேட்டரும், விளையாட்டுகளில் குறுக்குவழியில் வெல்ல உதவும் சீட் கோப்புகளும்தான். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு கோப்பு சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தனியாகச் சேமிக்க பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நல்ல தேர்வு.

கேள்வி: குரோமின் இன்காக்னிட்டோ என்ற தனிச் சாளரத்தில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பாதுகாப்பு கூடுமா? (சென்னை)

பதில்: கூடாது. மூடிய பிறகு ஹிஸ்டரியும் குக்கீயும் அந்தக் கணினியில் தங்காது என்பது மட்டுமே அதன் பயன். பிறருடைய கணினியில் உதவும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இருந்தால் நம்பலாமா என்று இதோடு சேர்த்துக் கேட்டவருக்கும் சொல்லிவிடுகிறேன். போலித் தளங்களும் அந்தக் குறியைத் தரும் சான்றிதழை இலவசமாகப் பெறுவதால், குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியில் தளத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் ".bank.in" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது, இந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது.

கேள்வி: அப்பா கணினியில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை வந்து, ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டது. அப்பா கூப்பிட்டுவிட்டார். (திருச்சி)

பதில்: மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அந்தத் திரை வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்திவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்பா பேசியதோடு நிறுத்திக்கொண்டார் என்றால் பயமில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்லி அவர்கள் கணினிக்குள் வந்திருந்தால், முதலில் வைஃபையை அணைத்துவிட்டு அந்த மென்பொருளை நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தில் முடியும். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்பாக 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்பட வாய்ப்பு உண்டு. வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை உங்கள் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள், ஸ்கேன் முடியும்வரை அந்தக் கணினியில் மாற்ற வேண்டாம்.