17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சமாதானப் பதக்கங்களில் ரோமானியச் சின்னங்கள் ஏன்?

போர் முடிந்து உடன்படிக்கை ஆனதும் அதன் நினைவாக வெளியிட்ட பதக்கங்கள் இவை. அன்றைய பதக்கக் கலைஞர்களுக்குப் பழைய ரோமானிய நாணயங்கள்தான் பாடப்புத்தகம். ஆலிவ் கிளை, வணிகத்தின் கடவுளான மெர்க்குரியின், இரண்டு பாம்புகள் பின்னிய கோல், பழமும் கதிரும் நிரம்பி வழியும் கொம்பு, ஆயுதக் குவியலுக்குத் தீ வைக்கும் சமாதான தேவி என எல்லாமே அங்கிருந்து வந்தவை. வாசல்களின் கடவுளான ஜேனஸின் கோயில் கதவும் அப்படித்தான். போர் நடக்கும்போது ரோமில் அந்தக் கதவு திறந்திருக்கும், எங்கும் போரில்லை என்றால் சாத்துவார்கள். பேரரசர் நீரோ அந்தச் சாத்திய கதவையே தன் நாணயத்தில் பொறித்தார்.

ஆனால் சின்னங்கள் தெரிந்தால் மட்டும் போதாது, யார் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஸ்பானிய வாரிசுரிமைப் போரை முடித்த 1713 உட்ரெக்ட் உடன்படிக்கைக்காக லண்டனில் ஜான் குரோக்கர் செய்த பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிரிட்டனின் ஆன் அரசி. மறுபக்கம் பிரிட்டனையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா நிற்கிறாள், பின்னால் கடலில் கப்பல்கள், நிலத்தில் உழவு. சின்ன வட்டத்துக்குள் வணிகம், விவசாயம் இரண்டையும் அடக்கிவிட்டார், அபாரமான வேலை! அவள் ஒரு கையில் ஆலிவ் கிளை. மறு கையைப் பாருங்கள், ஈட்டியும் கேடயமும் அப்படியே இருக்கின்றன.

ஓரத்து லத்தீன் வாசகம் இன்னும் வெளிப்படை: 'கொம்போசிட்டிஸ் வெனரான்டுர் ஆர்மிஸ்'. ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு வணங்குகிறார்கள் என்று பொருள். ரோமானியக் கவிஞர் ஹொராஸ் பேரரசர் அகஸ்டஸைப் புகழ்ந்து பாடிய வரி அது. கொலையில் களிக்கும் ஒரு ஜெர்மானியக் கூட்டமே உன்னைப் பணிகிறது என்பது அங்கே பேச்சு. லத்தீன் படித்த எந்தக் கனவானுக்கும் அது புரிந்திருக்கும். நாங்கள் ஜெயித்தோம், அதனால்தான் சமாதானம் என்கிறது பதக்கம். ஸ்பெயினிடமிருந்து ஜிப்ரால்டரும் மினோர்கா தீவும் பிரிட்டன் கைக்கு வந்த உடன்படிக்கை அல்லவா?

முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்ஃபாலியா சமாதானத்துக்கு மியூன்ஸ்டரில் எங்கெல்பர்ட் கெட்டெலர் செய்த பதக்கம் வேறு மாதிரி. அதில் ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகள். பேரரசர், மன்னர்களின் வலக்கரங்களைப் பொன்னான சமாதானம் இணைத்தது என்று வாசகம். பற்றிய கைகளும் ரோமானிய நாணயச் சின்னம்தான். ஆனால் இங்கே யாரும் யாரையும் வணங்கவில்லை. அந்தப் போரில் அப்படி முழுதாக ஜெயித்தவர் என்று ஒருவருமில்லை. எனக்கு இந்தப் பதக்கம்தான் பிடிக்கும், குரோக்கரின் கைவேலை எவ்வளவோ நேர்த்தியாக இருந்தாலும்.